பவித்ராவின் வலது கை

1. விரல்வலி

எங்கள் மையத்துக்குப் புதிதாக வேலைக்கு வரும் பிசியோதெரபி பிள்ளைகள், கொஞ்ச நாள் பழகியதும் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "மேடம், நீங்க பாத்ததுலயே ரொம்பக் கஷ்டமான கேஸ் எது?" நான் பவித்ராவின் பெயரைச் சொல்வேன். அவள் முதன்முதலாக வந்தபோது அது கஷ்டமான கேஸே இல்லை. வலது மோதிர விரலில் வலி, அவ்வளவுதான்.

மையம் பழங்காநத்தத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் பக்கவாதக்காரர்கள். மீதி முதுகு, கழுத்து, வண்டியில் விழுந்த தோள். பாறை ஏறுகிறவர் என்று ஒருவர் அதுவரை வந்ததில்லை. ஒல்லியான ஒரு பெண் வந்து, "மலையேறுறப்ப விரல்ல 'டக்'னு ஒரு சத்தம் கேட்டுச்சுக்கா" என்றபோது, கோயில் மலைப் படியில் தடுக்கி விழுந்திருப்பாள் என்றுதான் நினைத்தேன்.

கூட வந்தவன் சிரித்தான். ரஃபீக் என்று பெயர். சிம்மக்கல்லில் மொத்தப் பலசரக்குக் கடை வைத்திருக்கும் குடும்பம். "படி இல்ல மேடம். இவ ஏறுனது நேர் பாறை. சோத்துப் பருக்க அளவுதான் புடி இருக்கும். அதுல நுனி விரலக் குடுத்துத் தொங்குவா."

பவித்ராவின் வீடு அவனியாபுரத்தில். அப்பா தவமணிக்குச் சொந்தமாக லேத் பட்டறை. அவள் படித்தது கம்ப்யூட்டர். பார்த்த வேலை, புறவழிச்சாலைப் பக்கம் ஒரு பழைய குடோனுக்குள் செயற்கைச் சுவர் கட்டிப் பாறையேற்றம் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் பயிற்சியாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் ரஃபீக்கோடும் இன்னும் சிலரோடும் நாகமலைப் பக்கத்துப் பாறைகளுக்குப் போவாள். அவள் ஏறும்போது கீழே நின்று கயிறு பிடிப்பவன் ரஃபீக்.

பிடிபலம் அளக்கும் மீட்டரை அவளுடைய வலி இல்லாத இடது கையில் கொடுத்து அழுத்தச் சொன்னேன். முள் போன இடத்தைப் பார்த்துவிட்டு, மீட்டர் கெட்டுவிட்டதோ என்று நானே ஒருமுறை அழுத்திப் பார்த்தேன். கெடவில்லை. மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஆட்களை அந்த மீட்டரில் அளந்திருக்கிறேன். அவர்களுடைய முன்கை இவளுடையதைப் போல ஒன்றரை மடங்கு இருக்கும். முள் இவ்வளவு தூரம் போனதில்லை.

ஆர்வத்தில் ஈ.எம்.ஜி. மெஷினை எடுத்து, முன்கைத் தோல்மேல் ஒட்டுகளை ஒட்டினேன். தசைக்கு நரம்பு எவ்வளவு கட்டளை அனுப்புகிறது என்பதைத் திரையில் கோடாகக் காட்டும் மெஷின் அது.

"வெறும் விரல்வலிக்கு எதுக்குக்கா இம்புட்டு வயரு?" என்றாள்.

"நான் 'இப்ப'ன்னு சொன்னதும் இறுக்கிப் புடிக்கணும்" என்றேன்.

என் கையை ஒட்டிப் பார்த்தால் கோடு மேடு ஏறுவதுபோல் மெதுவாக ஏறும். அவளுடையது 'இப்ப' என்ற சொல் முடிவதற்குள் நட்டுக்குத்தலாக எழும்பி அங்கேயே நின்றது. விடு என்றதும் அதே வேகத்தில் விழுந்தது.

இதை இளையவர்களுக்கு இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். பலம் என்றால் தசை என்றே நினைத்துக்கொள்கிறோம். ஒரு சாதாரண ஆள் முழுபலத்தோடு ஒன்றைப் பிடிக்கும்போதுகூட மூளை எல்லாத் தசைநார்களையும் வேலைக்கு அழைப்பதில்லை. நார் அறுந்துவிடக் கூடாது என்று தண்டுவடத்திலேயே ஒரு தடுப்பும் உண்டு. வருஷக்கணக்கில் விரல் நுனியில் உடம்பைத் தொங்கவிட்டுப் பழகியவர்களுக்கு அந்தத் தடுப்பு தளர்ந்துவிடுகிறது. அதிகமான நார்களை, ஒரே நேரத்தில், வேகமாக அழைக்க நரம்பு கற்றுக்கொள்கிறது. விரலை விரிக்கும் தசைகள், மூடும்போது குறுக்கே இழுக்காமல் ஒதுங்கிக்கொள்கின்றன. பவித்ரா பள்ளிக்கூட வயதிலிருந்தே சுவர் ஏறியவள். அவள் கை பருக்கவில்லை. அந்தக் கைக்குப் போகும் நரம்பு மாறியிருந்தது.

வலது விரலுக்குக் கட்டுப் போட்டு ஓய்வு கொடுத்தோம். அதுவரை இடது கைக்கு மட்டும் பயிற்சி. ஒரு கைக்குக் கொடுக்கும் பயிற்சியில் ஒரு பங்கு மூளை வழியாக மற்றக் கைக்கும் போய்ச் சேரும். கட்டைப் பிரித்து வலது கையை அளந்தபோது பலம் பெரிதாகக் குறையவே இல்லை. அவளும் ரஃபீக்கும் மாடிப்படியில் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். ஒரு நல்ல கேஸ் முடிந்தது என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

2. ரிங் ரோடு

அடுத்த வருஷம் மழை முடிந்த சமயத்தில் ரஃபீக் போன் செய்தான். "மேடம், பவித்ரா ஆஸ்பத்திரில இருக்கா. கை அசைய மாட்டேங்குது. நீங்க ஒருதடவ வந்து பாருங்க மேடம்."

நடந்தது இது. மலையிலிருந்து சாயங்காலம் திரும்பும்போது ரிங் ரோட்டில் ஒரு நாய் குறுக்கே வந்தது. ரஃபீக் பிரேக் போட்டான். பின்னால் உட்கார்ந்திருந்த பவித்ரா தூக்கி எறியப்பட்டு, வலது தோள் தரையில் மோத விழுந்தாள். ஹெல்மெட் போட்டிருந்ததால் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. தலை ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமுமாக இழுபட்டதில், கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன. ரஃபீக்குக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டும்.

நான் போனபோது அவள் விழித்திருந்தாள். வலது கை ஒரு தலையணைமேல் கிடந்தது. முகத்தில் காயம்கூட இல்லை. "பாருங்கக்கா, சொன்னாக் கேக்க மாட்டேங்குது" என்றாள். அப்போது அவளுக்கு அது இன்னும் ஒரு சில்லறைத் தொந்தரவாகத்தான் தெரிந்தது.

அறுவை சிகிச்சை நிபுணர் என்னைத் தனியாக அழைத்து ஸ்கேனைக் காட்டினார். "அஞ்சு நரம்பு வேரும் போச்சு மேடம். அறுந்திருந்தா ஒட்டலாம். இது பிடுங்கினது. நெஞ்சுல மூச்சுக்குப் போற நரம்புல ரெண்டு மூணு எடுத்து முழங்கை மடக்குற தசைக்குக் குடுப்பேன். தோளுக்கும் ஒண்ணு. விரலுக்குக் குடுக்க என்கிட்ட நரம்பு இல்ல."

வெளியே பெஞ்சில் தவமணி உட்கார்ந்திருந்தார். பட்டறை உடுப்போடு ஓடி வந்தவர், ஆயில் கறை போகாத கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "மேடம், போன தடவ இடது கைக்குப் பயிற்சி குடுத்து வலது கையச் சரி பண்ணுனீங்கல்ல. அதே மாதிரிப் பண்ணிருங்க மேடம்."

அப்போது கையில் நரம்பு இருந்தது, இப்போது இல்லை என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "ஆபரேசன் முடியட்டும், பாப்போம்" என்றேன்.

3. மூச்சு

ஆபரேஷன் முடிந்த பிறகு மாதக்கணக்கில் எதுவும் தெரியாது. மாற்றிக் கொடுத்த நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில் வளர்ந்து தசையைப் போய்ச் சேர வேண்டும். அதுவரை மூட்டுகள் இறுகிவிடாமல் நாங்கள் கையை அசைத்துக் கொடுப்போம்.

அந்த மாதங்களில் அவளுடைய முன்கை வற்றிப் போனதை வாரா வாரம் பார்த்தேன். அந்தக் கைக்குத் தொடு உணர்வும் இல்லை. ஒருநாள் வந்து உட்கார்ந்தபோது மணிக்கட்டுக்கு மேலே பெரிய கொப்புளம். "எங்க பட்டுச்சு?" என்றேன். அவளுக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு உதவியாக அடுப்படியில் நின்றபோது கொதிக்கிற பானையில் சாய்ந்திருக்கிறது. தோல் கருகிய வாடை வந்த பிறகுதான் அம்மா கவனித்திருக்கிறார்.

எட்டாவது மாத வாக்கில் வழக்கம்போல மேல்கைத் தசையில் ஈ.எம்.ஜி. ஒட்டுகளை ஒட்டினேன். "மூச்ச நல்லா இழு பவித்ரா." மூச்சுக்குப் போன நரம்பு என்பதால், மூச்சை இழுத்தால்தான் கட்டளை கைக்குப் போகும். கோடு அசையவில்லை. மறுபடி இழுத்தாள். ஒன்றுமில்லை. ஒட்டுகளை எடுக்கப் போனேன். அவளுக்குத் தும்மல் வந்தது. திரையில் கோடு ஒருமுறை துள்ளி விழுந்தது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "அக்கா, இன்னொரு தடவ தும்மணுமே" என்றாள். தும்மல் வரவில்லை. இருமினாள். கோடு மறுபடி துள்ளியது. விபத்துக்குப் பிறகு அவள் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பின் நடந்ததை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் பலரும் மூச்சை இழுக்காமல் கையை மடக்கக் கற்றுக்கொள்ள ரொம்ப நாள் ஆகும். சிலர் கடைசிவரை மூச்சோடுதான் மடக்குவார்கள். பவித்ரா கண்ணை மூடி, பாறையில் அடுத்த பிடியை யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் அசையாமல் இருப்பாள். பிறகு கட்டளையை அனுப்புவாள். சில மாதங்களிலேயே அவளால் பேசிக்கொண்டே முழங்கையை மடக்க முடிந்தது.

"எப்படிம்மா பண்ற?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா. புதுப் பாதை ஏறுறப்ப எந்தத் தசைய எப்ப இறுக்கணும்னு ஒடம்பு தேடும்ல, அப்புடித் தேடுறேன்."

இவ்வளவு பழகிய நரம்பு மண்டலத்தால் இதற்குமேலும் முடியும் என்று நான் நம்பத் தொடங்கியது அப்போதுதான். அவளும் நம்பினாள். தவமணி, மகளுக்காக ஒரு லேத் மெஷினை இடதுகைக்காரர் ஓட்டும்படி மாற்றலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தவர், அதை நிறுத்திவிட்டார். "எதுக்கு மேடம்? அதான் வந்துருமே" என்றார்.

4. திறக்காத விரல்கள்

விரல்கள் வரவில்லை. வர வழியில்லை என்பதை நிபுணர் முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார்.

வந்தது வலி. நரம்பு பிடுங்கிய இடத்திலிருந்து எரிச்சலும் மின்னல் வெட்டும் எல்லா நோயாளிகளுக்கும் வரும். பவித்ராவுக்கு அதோடு இன்னொன்றும் வந்தது. மேஜைமேல் அவளுடைய வலது கை தளர்ந்து விரிந்து கிடக்கும். அவள் உணர்வில் அந்தக் கை இறுக்கி மூடியிருந்தது.

"எப்படி மூடியிருக்கு, காட்டு" என்று இடது கையில் காட்டச் சொன்னேன். நான்கு விரல்களின் நடுமூட்டை மேலே உயர்த்தி, நுனிகளை ஊன்றி, கட்டைவிரலை ஆள்காட்டி விரல்மேல் பூட்டினாள். சின்னப் பிடிகளில் தொங்குவதற்கென்று பாறையேறிகள் பழகும் பிடி அது.

"முழுப் பலத்தோட புடிச்சிருக்குக்கா. விட மாட்டேங்குது. நகம் உள்ள எறங்குற மாதிரி இருக்கு. நான் விடு விடுன்னு சொல்றேன். கேக்க மாட்டேங்குது."

நரம்பு வலிக்கான மாத்திரைகளை டாக்டர் மாற்றி மாற்றிக் கொடுத்தார். தூக்கம் வந்தது, வலி போகவில்லை. கண்ணாடிச் சிகிச்சை தொடங்கினோம். நடுவில் கண்ணாடி வைத்து வலது கையை மறைத்து, இடது கையின் பிம்பத்தை வலது கைபோல் பார்க்க வைப்பது. இடது கையை மெதுவாகத் திறந்தால் மூளை ஏமாந்து வலதையும் திறக்கும் என்பது கணக்கு. பலருக்குப் பலன் தந்த முறை அது.

அவளுக்கு எளிதில் பலிக்கவில்லை. மூடுவதைத்தான் அவள் இத்தனை வருஷம் பழகியிருந்தாள். திறப்பதைத் தனியாக யாரும் பழகுவதில்லை. நான் முதல் நாள் திரையில் பார்த்து வியந்த அந்தக் கட்டளை, போய்ச் சேர இடமில்லாமல் இப்போது மூளைக்குள்ளேயே எரிந்துகொண்டிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. அது உண்மைதானா என்று நிரூபிக்க என்னிடம் மெஷின் இல்லை.

ஒருநாள் கண்ணாடி முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுச் சொன்னாள். "சுண்டு விரல் மட்டும் எந்திரிச்சிருச்சுக்கா." கண்ணாடிக்குப் பின்னால் கிடந்த கை அசையவில்லை, அவள் உணர்வில்தான் அது எழுந்தது. மற்ற விரல்கள் உணர்விலும் அசையவில்லை. அதற்குப் பிறகும் அசையவே இல்லை. சுண்டு விரல் விட்ட அளவுக்கு வலி குறைந்ததாகச் சொன்னாள். அம்புட்டுதான் என்றாள்.

அன்றைக்கே அவள் கேட்டாள். "நான் மலையே ஏறாம இருந்திருந்தா இந்தப் புடி இருந்திருக்காதுல்லக்கா?"

"வலி இருந்திருக்கும். இந்தப் பிடி இருந்திருக்குமான்னு எனக்குத் தெரியல" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டு, வலது கையை இடது கையால் தூக்கி, கழுத்திலிருந்து தொங்கும் தொட்டில் பட்டைக்குள் வைத்தாள்.

5. எதிர்ச்சாரியில் ஒருவன்

ஆரம்ப மாதங்களில் அவளை மையத்துக்கு அழைத்து வந்தது ரஃபீக்தான். பைக்கை விற்றுவிட்டு ஷேர் ஆட்டோவில் கூட்டி வருவான். சிகிச்சை முடியும்வரை படியில் உட்கார்ந்திருப்பான். அவனும் மலைக்குப் போவதை நிறுத்தியிருந்தான்.

விரல்கள் வராது என்று உறுதியான பிறகு ஒருநாள் தவமணி வந்தார். படியில் இருந்தவனைப் பார்த்து, குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "தம்பி, நீ இனிமே வராதப்பா. உன் மேல எனக்குக் கோவம் கெடையாது. உன்னப் பாத்தா எனக்கு அந்த ரோடுதான் கண்ணுக்குள்ள வருது."

ரஃபீக் எழுந்து போனான். அடுத்த முறையிலிருந்து மகளை அப்பாவே அழைத்து வந்தார். ஆனால் அவள் வரும் நாட்களில் சாலைக்கு எதிர்ப்பக்கத்து டீக்கடையில் ரஃபீக் நிற்பதை ஜன்னல் வழியாக நான் பார்ப்பேன். உள்ளே வர மாட்டான். அவள் ஆட்டோ ஏறியதும் கிளம்பிவிடுவான்.

பவித்ராவுக்கும் தெரிந்திருக்கிறது. ஒருநாள் சிகிச்சை முடிந்து இறங்கியவள், அப்பாவை ஆட்டோவருகே நிற்கச் சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்து போனாள். டீ குடிக்க நானும் கீழே இறங்கி அந்தக் கடைக்குப் போயிருந்ததால், அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

"எனக்குக் கயிறு புடிச்சவன்டா நீ. எம்புட்டு தடவ விழுந்திருக்கேன், ஒரு தடவ விட்டிருக்கியா? அன்னிக்குக் கயிறு இல்ல. அதுக்கு நீ என்ன பண்ணுவ?"

அவன் தலை குனிந்து நின்றான். "உனக்குப் பதிலா எனக்கு ஆகியிருக்கலாம் பவி. நான் கடையில உக்காந்து கல்லாவப் பாத்திருப்பேன். ஒண்ணும் கொறஞ்சிருக்காது."

"அப்புடிப் பேசாத. மலைக்குப் போ. சுவரு சும்மா கெடக்கு, புள்ளைகளுக்குச் சொல்லிக் குடு. யாராவது ஏறணும்ல."

"முடியாது பவி. கயிறத் தொடவே முடியல."

அவள் திரும்பி வந்து ஆட்டோவில் ஏறினாள். அந்த வருஷக் கடைசியில் ரஃபீக் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனான். மலையேற்றச் சுவர் இருந்த குடோனில் இப்போது டைல்ஸ் கடை நடக்கிறது.

6. செல்வம் கேட்ட கேள்வி

பவித்ரா இப்போது ஒரு கூரியர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். இடது கையால் டைப் அடிக்கிறாள். வலது முழங்கையை மடக்கிப் பையை மாட்டிக்கொள்ள முடிகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டிவிட்டுப் போவாள்.

சென்ற முறை அவள் வந்தபோது, திருமங்கலம் பக்கத்திலிருந்து செல்வம் என்ற கொத்தனார் மனைவியோடு காத்திருந்தார். சாரத்திலிருந்து விழுந்தவர். பவித்ராவுக்கு ஆன அதே காயம், அதே ஆபரேஷன். வலது கை தொட்டில் பட்டையில் தொங்கியது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர், கை வந்துருமா என்ற ஒரே கேள்வியைக் கேட்பார். நானும் எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வதைச் சொல்வேன்: பாப்போம்.

அன்று பவித்ராவின் கையைப் பார்த்துவிட்டு அவளிடமே கேட்டார். "ஏம்மா, உனக்கும் இதேதானா? கை வந்துருச்சா?"

பவித்ரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லலாம் என்று நான் தலையசைத்தேன். அவர் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"முழங்கை மடங்கும்ணே. எனக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்துச்சு, நான் மலையேறிப் பழகுன ஆளு. உங்களுக்கு நாளாகும். ஆனா விடாமப் பண்ணா மடங்கும்."

"வெரலு?"

"வராதுண்ணே."

அவர் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். செல்வம்தான் மறுபடி கேட்டார். "பூச்சுக் கரண்டி புடிக்க முடியாதா?"

"இந்தக் கையில முடியாது."

"இந்த வலி?"

"இருக்கும். கொஞ்சம் கொறையலாம். எனக்கு இன்னும் இருக்கு. மாத்திரையப் பாதியில நிப்பாட்டிராதீங்க. அடுப்புகிட்ட கைய விடாதீங்க, சுட்டாத் தெரியாது."

செல்வம் அழுவார் என்று நினைத்தேன். அவர் மனைவியிடம் திரும்பினார்.

"வந்துரும் வந்துரும்னு இம்புட்டு நாளா எல்லாரும் சொல்லிச் சொல்லி, காலைல எந்திரிச்சதும் வெரலத்தான் பாப்பேன். வரலேன்னதும், நாமதான் எதையோ ஒழுங்காச் செய்யலன்னு தோணும். இனிமே பாக்க வேண்டாம்." பிறகு பவித்ராவிடம், "உண்மையச் சொன்னதுக்கு நல்லா இரு தாயி" என்றார்.

அந்த அம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இடது கையால் ஒரு ஆள் என்னென்ன வேலை பார்க்கலாம் என்று கேட்க ஆரம்பித்தார். பவித்ரா ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

இளையவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். ஒரு கை உங்களிடம் வரும்போது, அது இதுவரை என்ன வேலை செய்தது என்று முதலில் கேளுங்கள். அந்த வேலை நரம்பை மாற்றியிருக்கும். அதனால் சில நேரம் குணமாவது எளிதாகும், சில நேரம் வேதனை கூடும். எது என்று முன்கூட்டியே தெரியாது. எது வராது என்பது தெரிந்துவிட்டால் மட்டும், அவர்கள் கேட்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். 'பாப்போம்' என்ற சொல்லை நான் இப்போது, எனக்கு நிஜமாகவே தெரியாத இடத்தில் மட்டும்தான் சொல்கிறேன்.